சாரம் கட்டுவதற்கு முன்: பாரம்பரியக் கட்டடத்தின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

பழைய கட்டடம் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் கூப்பிடுவது கொத்தனாரைத்தான். காரை பெயர்ந்திருக்கும், ஜன்னல் சட்டம் உளுத்திருக்கும், மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் பாசி படிந்திருக்கும். உடனே எதையாவது செய்துவிட வேண்டும் என்று மனம் பதறும். அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். என் பொறுப்புக்கு வந்த ஒரு பழைய வீட்டின் தெருப்பக்க ஜன்னல்கள் இறுகிப்போய்த் திறக்க முடியாமல் இருந்தன. ஒப்பந்தக்காரர் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடுத்துட்டு அலுமினியம் போட்டுடலாம்" என்றார். நானும் சரி என்றேன். இரண்டு ஜன்னல்களைக் கழற்றிய பிறகுதான், அந்தத் தெரு முழுவதுமே பாதுகாக்கப்பட்ட பகுதி என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. வேலை நின்றது. கழற்றிய சட்டங்கள் அதற்குள் விறகாகப் போயிருந்தன. மீதமிருந்த ஜன்னல்களை அளவெடுத்து, அதே மாதிரி இரண்டைப் புதிதாகச் செய்து மாட்டினோம். எல்லா ஜன்னல்களையும் பழுது பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அது அதிகம்.

அதனால் நான் சொல்ல வருவது வேலையின் வரிசையைப் பற்றித்தான். முதலில் நகராட்சி அலுவலகம், அடுத்து கட்டடத்தைப் பதிவு செய்வது, அதற்கடுத்து பழுதின் காரணத்தைத் தேடுவது, அப்புறம்தான் கொத்தனார். விதிகளின் பெயரும் படிவங்களும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றேதான்.

படி 1: உங்கள் கட்டடம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

"இது பழைய வீடு, ஆனால் நினைவுச்சின்னம் இல்லையே" என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். விதிகள் நினைவுச்சின்னங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. உங்கள் கட்டடம் நான்கு வழிகளில் விதிக்குள் வரலாம். கட்டடமே தனியாகப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இருக்கலாம். கட்டடம் சாதாரணமானதாக இருந்தும், அது நிற்கும் தெருவோ வட்டாரமோ பாதுகாப்புப் பகுதியாக இருக்கலாம். பக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருப்பதால் அதைச் சுற்றிய எல்லைக்குள் நீங்கள் மாட்டியிருக்கலாம். அல்லது, இன்னும் பட்டியலில் சேராவிட்டாலும், சேர்க்கலாமா என்ற பரிசீலனையில் இருக்கலாம். நான்காவதைப் பலரும் கேட்க மறந்துவிடுவார்கள். பல ஊர்களில் பரிசீலனைக் காலத்திலும் வெளிப்புறத்தைத் தொடத் தடை உண்டு.

சுற்று எல்லை என்பது எவ்வளவு தூரம்? பிரான்சில் 1943-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இது 2010-இல் திருத்தப்பட்ட சட்டம். ஆகவே நகராட்சி மட்டும் அனுமதி கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தொல்லியல் துறையோ மாநில அளவிலான ஆணையமோ தனியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். நகரமைப்புப் பிரிவில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "இந்த இடத்துக்கு யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்பதுதான். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரவரிசையையும் பாருங்கள். இங்கிலாந்தில் மூன்று படிநிலைகள் உள்ளன. மும்பையில் 1995-இல் வந்த பாரம்பரிய விதிகளும் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தன. தரம் உயர உயர, மாற்றத்துக்கான இடம் குறையும். எது பாதுகாக்கப்படுகிறது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் உள்ளும் புறமும் சேர்த்துத்தான். நியூயார்க் நகரத்தில் பெரும்பாலும் வெளிப்புறமே கணக்கு. உட்புறத்தைத் தனியாக அறிவித்தால்தான் அதுவும் சேரும்.

அலுவலகத்திலிருந்து மூன்று காகிதங்கள் இல்லாமல் வெளியே வராதீர்கள்: உங்கள் கட்டடத்தையோ பகுதியையோ பட்டியலில் சேர்த்த ஆணையின் நகல், எல்லை காட்டும் வரைபடம், அந்தப் பகுதிக்கான வடிவமைப்பு நெறிமுறைகள். ஆணையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எந்த அம்சங்களுக்காக இது பட்டியலில் வந்தது என்று அதில் எழுதியிருக்கும்: சுதை வேலைப்பாடு, மரத் தூண், ஓட்டுக் கூரையின் சரிவு, வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும் பலகணிகள் என்று. அந்த வரிகளில் உள்ளவற்றைத் தொடுவது கடினம். வரிகளில் இல்லாதவற்றில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். முந்தைய உரிமையாளர்கள் வாங்கிய அனுமதிக் கோப்பு இருந்தால் அதையும் கேளுங்கள். பழைய வரைபடம் அதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

பொதுவாக, கூரையோர மழைநீர்க் கால்வாயைச் சுத்தம் செய்வது, உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே மாதிரி ஓடு வைப்பது, ஜன்னலுக்கு எண்ணெய் போட்டு இறுக்கம் தளர்த்துவது போன்றவை பராமரிப்பு. அனுமதி தேவைப்படாது. முகப்பின் தோற்றத்தையோ பொருளையோ மாற்றும் எதற்கும் அனுமதி வேண்டும்: ஜன்னல், கதவு, கூரைப் பொருள், பூச்சு, சுற்றுச்சுவர், பெயர்ப்பலகை, வெளியே தொங்கும் ஏ.சி. பெட்டி, கூரைமேல் சூரியத் தகடு, புதிய குழாய், கம்பி, விளக்கு.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலைகளில்தான். வண்ணம் அடிப்பது அதில் முதலாவது. ஏற்கெனவே வண்ணம் பூசிய சுவருக்கு அதே நிறத்தை மறுபடி பூசுவதைப் பல நகராட்சிகள் விட்டுவிடும். இதுவரை வண்ணமே காணாத செங்கல் சுவருக்கோ கல் சுவருக்கோ முதல்முறையாகப் பூசுவது வேறு விஷயம். அதைத் திரும்பப் பெறவே முடியாது என்பதால் அனுமதி கேட்டாக வேண்டும், பெரும்பாலும் கிடைக்கவும் கிடைக்காது. சுவரைக் கழுவுவதும் அப்படித்தான். வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் பராமரிப்பு; ரசாயனமும் அழுத்தத் தண்ணீரும் விண்ணப்பத்துக்குரியவை. "அதே மாதிரி மாற்றுகிறேன்" என்று சொல்லும்போது அதே பொருள், அதே அளவு, அதே விவரம் என்று மூன்றும் பொருந்த வேண்டும். மரத்துக்குப் பதில் மரம் மாதிரி தெரியும் பிளாஸ்டிக் வைத்தால் அது 'அதே' ஆகாது.

அனுமதியிலும் வகைகள் உண்டு. நியூயார்க்கில் மூன்று விதம். பாதுகாக்கப்பட்ட அம்சங்களைத் தொடாத வேலைக்கு ஒன்று, சிறு வெளிப்புற வேலைகளுக்கு ஒன்று, பெரிய மாற்றங்களுக்குப் பொது விசாரணையோடு ஒன்று. முதல் இரண்டையும் அலுவலர்களே கொடுத்துவிடுவார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிரிவினை இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வேலையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் நிபுணர் குழுவின் முன் போகாமலேயே முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறே இல்லை.

படி 3: விதியின் மனதைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் இது புரிந்தால் விண்ணப்பம் எழுதுவது எளிதாகிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் 'பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம்' என்று சொல்லி, பழைய தேவாலயங்களின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, தாமாகக் கற்பனை செய்த வடிவங்களை வைத்துவிட்டார்கள். அதைப் பொறுக்க முடியாமல் 1877-இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் உள்ளிட்டோர் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பழையதைப் பராமரியுங்கள், புதிதாக நடிக்க வைக்காதீர்கள் என்பது அவர்கள் நிலை. 1964-இல் வந்த வெனிஸ் சாசனம் என்ற பாதுகாப்புக் கொள்கை ஆவணம் அதையே உலக அளவில் எழுதிவைத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. இழந்த பாகத்துக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே சமயம் அசலிலிருந்து வேறுபடுத்திப் பார்க்கவும் முடிய வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், தேவையான அளவு மாற்றுங்கள், ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்றுங்கள் என்று சொன்னது.

நகராட்சியின் நெறிமுறைகளில் நீங்கள் படிக்கும் பெரும்பாலான வரிகள் இந்தச் சாசனங்களிலிருந்து வந்தவைதான். அவை ஒரு வரிசையைக் கேட்கின்றன: இருப்பதை வைத்துக்கொள்ள முடியுமா, முடியாவிட்டால் பழுது பார்க்க முடியுமா, அதுவும் முடியாவிட்டால் கெட்ட பகுதியை மட்டும் அதே பொருளால் மாற்ற முடியுமா, கடைசியாகத்தான் முழு மாற்றம். சிங்கப்பூரும் தன் பாதுகாப்புப் பகுதிகளில் அதிகபட்சம் தக்கவைத்தல், நுணுக்கமான மீட்பு, கவனமான பழுதுபார்ப்பு என்ற மூன்றையே அடிப்படையாக வைத்திருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது, ஏன் அதற்கு மேலே உள்ள படி சாத்தியமில்லை என்பதற்குப் பதில் சொன்னால் போதும்.

படி 4: தொடுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

கூரை ஓடு ஒன்றைக்கூட அசைப்பதற்கு முன் கட்டடத்தை முழுவதும் படமெடுங்கள். ஒவ்வொரு முகத்தையும் நேர் எதிரே நின்று ஒன்று, பிறகு ஒவ்வொரு ஜன்னல், கதவு, கார்னிஸ் (சுவரிலிருந்து துருத்தி நிற்கும் விளிம்புப் பட்டை), தூண், படிக்கட்டு, கைப்பிடி என்று கிட்டத்தில் ஒன்று. அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் பிற்பாடு அளவு தெரியும். மேகமூட்டமான நாளில் எடுத்தால் நிழல் விழாது. படங்களுக்கு எண் கொடுத்து, முகப்பின் வரைபடத்தில் அந்த எண்களைக் குறித்துவையுங்கள்.

பழைய படங்களைத் தேடுங்கள். நகராட்சிக் கோப்பு, ஆவணக் காப்பகம், நூலகம், பக்கத்து வீட்டாரின் குடும்ப ஆல்பம். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். திருமணப் படம் ஒன்றின் பின்னணியில் உங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் முழுசாகத் தெரியலாம். குழுவின் முன் "இங்கே இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஒரு படம் இருந்தால் அது சான்று, இல்லாவிட்டால் ஊகம். ஊகத்துக்கு அனுமதி கிடைக்காது.

வண்ணத்தையும் இப்போதே பாருங்கள். வெயிலும் மழையும் அதிகம் படாத மூலையில், விரல்நக அளவு இடத்தில் கூர்மையான கத்தியால் அடுக்கடுக்காகச் சுரண்டினால் பழைய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி, கையுறை இல்லாமல் செய்ய வேண்டாம். தூளைக் காற்றில் விடவும் வேண்டாம். உதிர்ந்த காரையிலிருந்தும் இணைப்புக் கலவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனிப் பைகளில் போட்டு, எங்கே எடுத்தது என்று எழுதிவையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பிக் கலவை விகிதம் தெரிந்துகொள்ள இது போதும்.

படி 5: பழுதின் காரணத்தைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். பழைய கட்டடங்களின் வெளிப்புறம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசும் எந்தப் பூச்சும் சில மழைக்காலங்களில் மறுபடி உதிரும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே நின்று பாருங்கள். கூரைத் தண்ணீர் குழாய்க்குள் போகிறதா, இணைப்பில் வழிகிறதா, கார்னிஸின் மேல் தேங்குகிறதா, தரையில் தெறித்துச் சுவரின் அடியை நனைக்கிறதா? சுவரை ஒட்டி மண்ணோ சிமென்ட் தளமோ உயர்ந்திருக்கிறதா? கட்டடத்தைச் சுற்றி இப்படி ஒரு மணி நேரம் நடப்பது உங்களுக்கு நிறையப் பணத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, சுவர் எதனால் ஆனது? போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பதிவானது 1824-இல்தான். அது எங்கும் பரவலாக வெகுகாலம் ஆனது. எனவே உங்கள் கட்டடம் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஆனாலும் அது மென்மையாகவும் நுண்துளைகளோடும் இருக்கும். சுவருக்குள் ஓதம், அதாவது ஈரம், ஏறினால் அந்தத் துளைகள் வழியாக வெளியே உலர்ந்துவிடும். சுவர் லேசாக அசைந்தால் விரிசல் சிறுசிறு கோடுகளாகப் பிரிந்து போகும்.

இந்தச் சுவர்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு போட்டால் என்ன ஆகும்? ஓதம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும், அல்லது இன்னும் மேலே ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிரவைக்கும். வெளியே பார்க்கச் சுவர் புதிது மாதிரி இருக்கும். தட்டினால் உள்ளே காலி என்று சத்தம் கேட்கும். ஒருநாள் பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் முகமும் அதோடு வரும். பல நகராட்சிகளின் நெறிமுறைகள் சிமென்ட் பூச்சையும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் வகை வண்ணங்களையும் மறுப்பதற்கு இதுதான் காரணம். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையோ, ஆவி வெளியேற விடும் கனிம வண்ணமோ கேட்டு வாங்குங்கள்.

செங்கற்களுக்கு நடுவிலுள்ள இணைப்பை மறுபடி நிரப்பும் பாயிண்டிங் வேலைக்கும் இதே நியாயம். புதிய கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அழுத்தம் முழுவதையும் செங்கல் தாங்கி, விளிம்பில் உடையும். பழைய கலவையை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரை எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். மேலோட்டமாகப் பூசினால் ஒட்டாது. கிரைண்டரால் (சுழலும் வெட்டுக் கருவியால்) வேகமாக எடுக்கிறேன் என்று சொல்லும் வேலையாளிடம் வேண்டாம் என்று அன்பாகவே சொல்லிவிடுங்கள். மெல்லிய இணைப்புகளில் கிரைண்டர் ஒருமுறை நழுவினால் செங்கல்லில் விழும் கோடு என்றைக்கும் அங்கேயே இருக்கும். உளியும் சுத்தியலும் மெதுவானவைதான், ஆனால் பாதுகாப்பானவை.

மணலை அழுத்தமாகப் பீச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதை ஏறத்தாழ எல்லா இடங்களிலும் தடுக்கிறார்கள். சூளையில் சுட்டபோது செங்கல்லின் மேல் உருவான கெட்டித் தோல் அதில் போய்விடும். உள்ளே இருக்கும் மென்மையான பகுதி அதற்குப் பிறகு மழையைக் குடிக்கும். எதைக் கொண்டு கழுவினாலும், கண்ணில் படாத ஒரு சின்ன இடத்தில் செய்து பார்த்து, சில வாரம் பொறுத்து, அப்புறம் முடிவெடுங்கள்.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லுக்குள் இருக்கும் இரும்புப் பட்டைகளும் ஆணிகளும் துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளக்கும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் என்ற பழங்காலக் கோட்டைக் குன்றில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் நல்லெண்ணத்தோடு வைத்த இரும்புக் கவ்விகள் பளிங்கைப் பிளந்துவிட்டன. பிற்காலத்தில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் வேலையில் கல்லுக்குள் போகும் உலோகம் எதுவானாலும், அது துருப்பிடிக்காத வகையா என்று எழுத்தில் கேளுங்கள்.

மர ஜன்னல்களை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிடாதீர்கள். அடிச்சட்டம் உளுத்திருக்கும், மீதி கல் மாதிரி உறுதியாக இருக்கும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு இணைக்கத் தெரிந்த தச்சர் ஒருவர் கிடைத்தால், அந்த ஜன்னல் உங்களுக்குப் பிறகும் இருக்கும். குளிருக்கும் சத்தத்துக்கும் உட்புறமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். முகப்பு மாறாததால் பல ஊர்களில் இதற்கு எளிதாக ஒப்புதல் கிடைக்கும்.

படி 6: விண்ணப்பிப்பதற்கு முன் ஒருமுறை பேசுங்கள்

பல நகராட்சிகளில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் உண்டு. இல்லாவிட்டாலும் அலுவலரைப் பார்க்க நேரம் கேட்கலாம். படங்களையும் ஒரு பக்கக் குறிப்பையும் மட்டும் கொண்டு போங்கள். முடிவான வரைபடத்தோடு போனால் உங்களுக்கே அதை மாற்ற மனம் வராது. முடிந்தால் அலுவலரைக் கட்டடத்துக்கே அழைத்துவாருங்கள். காகிதத்தில் "கூடாது" என்று தோன்றியது நேரில் பார்க்கும்போது "இப்படிச் செய்தால் என்ன" என்று மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பேசியதைச் சுருக்கமாக எழுதி அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 7: விண்ணப்பக் கோப்பைத் தயாரியுங்கள்

படிவம் சின்னதுதான், கனமெல்லாம் இணைப்புகளில். இப்போதுள்ள நிலையின் அளவு வரைபடம், வேலைக்குப் பிந்தைய நிலையின் வரைபடம் இரண்டும் ஒரே அளவுகோலில் வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிய வேண்டும். ஜன்னல், கார்னிஸ் போன்றவற்றுக்குக் குறுக்குவெட்டு வரைபடமும் கேட்பார்கள், ஏனென்றால் சட்டத்தின் தடிமனும் உள்வாங்கிய ஆழமும்தான் நிழலைத் தீர்மானிக்கின்றன. எண்ணிட்ட படங்கள், பழைய படங்களின் நகல், உரிமைச் சான்று, பொறியாளர் அறிக்கை இருந்தால் அதுவும்.

அதிகம் சொதப்புவது வேலைமுறைக் குறிப்பில். "முகப்பைச் சரிசெய்து வண்ணம் பூசுதல்" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். இப்படி எழுதுங்கள்: "கிழக்கு முகப்பில், தட்டிப் பார்த்துத் தளர்ந்ததாகக் குறித்த இடங்களில் மட்டும் காரையைக் கையால் அகற்றுதல். ஆய்வில் தெரிந்த விகிதத்தில் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசுதல், ஒவ்வொரு அடுக்கும் இறுகும்வரை ஈரத்துணியால் மூடிவைத்தல். உறுதியாக உள்ள பழைய காரையைத் தொடாமல் விடுதல்." எந்த இடம், எவ்வளவு, எந்தப் பொருள், எந்தக் கருவி, எது தொடப்படாது என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. வண்ணத்துக்குப் பெயர் போதாது, வண்ண நிறுவனத்தின் நிற அட்டையிலுள்ள எண்ணும் ஒரு மாதிரித் துண்டும் வையுங்கள்.

நிதியுதவி அல்லது வரிச்சலுகை இருக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே கேளுங்கள். அமெரிக்காவில் வருமானம் தரும் பாரம்பரியக் கட்டடங்களின் தகுதியான சீரமைப்புச் செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச்சலுகையாகக் கிடைக்கிறது. உங்கள் நகராட்சியில் சிறிய மானியம் இருக்கலாம். தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் தராத திட்டங்கள் பல என்பதால் தாமதிக்க வேண்டாம்.

படி 8: குழுவின் முன்

பெரிய மாற்றம் என்றால் நிபுணர் குழுவோ பொது விசாரணையோ வரும். "என் வீடு, என் பணம், இவர்கள் யார்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. நீதிமன்றங்கள் வரை போன கேள்விதான் அது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடிக் கோபுரம் கட்ட அந்நகரத்தின் ஆணையம் மறுத்தபோது, உரிமையாளரான ரயில் நிறுவனம் வழக்குப் போட்டது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உங்கள் கோபத்தைக் குழுவின் முன் செலவழிப்பதைவிட, கட்டடத்தைப் பற்றிப் பேசுவது பலன் தரும்.

ஐந்து நிமிடம் போதும். பட்டியலில் சேர்த்த ஆணையில் சொன்ன அம்சங்கள் எவை, அவற்றில் எதைத் தக்கவைக்கிறீர்கள், எதை ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றினாலும் நாளைக்குத் திரும்ப எடுக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று காட்ட முடிந்தால் நல்ல பலம். சூரியத் தகட்டைத் தெருவிலிருந்து தெரியாத பின்சரிவில், ஓடுகளைத் துளைக்காமல் கழற்றக்கூடிய சட்டத்தில் வைக்கிறேன் என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். பெயர்ப்பலகைக்கான ஆணிகளைக் கல்லில் அடிக்காமல் இணைப்புக் கலவையில் அடிக்கிறேன் என்றாலும் அப்படியே.

ஒப்புதல் நிபந்தனைகளோடு வரும். நிபந்தனைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். "மாதிரி ஒப்புதலுக்குப் பிறகே தொடங்கலாம்" என்று ஒன்று இருந்தால், கையில் அனுமதி ஆணை இருந்தாலும் வேலை தொடங்க முடியாது. காலாவதி தேதியையும் பாருங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, திருத்திக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் கெடு இருக்கும், அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

படி 9: வேலை நடக்கும்போது

சாரத்துக்கு நடைபாதை அனுமதி தனியாக வேண்டியிருக்கும். சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் துளைகள் எங்கே விழும் என்று முன்பே பேசிக் குறித்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் அளவில் மாதிரி வேலை செய்யவைத்து, அது உலர்ந்த பிறகு அலுவலரிடம் ஒப்புதல் வாங்குங்கள். பிற்பாடு வாக்குவாதம் வந்தால் அந்த மாதிரிதான் நடுவர். கழற்றுவது எதுவானாலும் எண்ணிட்டு, உலர்ந்த இடத்தில் பூட்டி வையுங்கள். என் இரண்டு ஜன்னல்களும் அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

பூச்சை எடுக்கும்போது அடியில் எதிர்பாராதது தெரியலாம்: மூடிய ஜன்னல், பழைய எழுத்து, ஓவியத்தின் சாயல். உடனே நிறுத்தி, படமெடுத்து, அலுவலருக்குச் சொல்லுங்கள். அனுமதி ஆணையில் இல்லாத எந்த மாற்றத்துக்கும், அது சின்னதானாலும், திருத்த ஒப்புதல் வேண்டும். ஆணையின் நகல் ஒன்று எப்போதும் வேலை இடத்தில் இருக்கட்டும். மேஸ்திரிக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். சிமென்ட் மூட்டை ஒன்று வந்து இறங்கினால் கேள்வி கேட்கும் முதல் ஆள் அவராக இருக்க வேண்டும். பழைய கூரைத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதை உடைக்காமல் உரிய ஆட்களைக் கொண்டு அகற்றுங்கள்.

அனுமதி இல்லாமல் ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டீர்களா? மறைக்க வேண்டாம், நீங்களே போய்ச் சொல்லுங்கள். தானாக வந்தவரோடு பேசும் முறை வேறாக இருக்கும். மறைத்ததைக் காலம் அழித்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியில்லாத மாற்றம் குற்றமாகும். அதைத் திருத்தச் சொல்லும் நடவடிக்கைக்குக் கால வரம்பும் கிடையாது, கட்டடத்தை வாங்கிய புது உரிமையாளர்மீதும் அது பாயும். பழைய கட்டடம் வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தோடு முந்தைய அனுமதிகளையும் சரிபார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

படி 10: முடித்த பிறகு

சாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே இறுதிப் பார்வைக்கு அலுவலரை அழையுங்கள். மேலே திருத்தம் ஏதாவது சொன்னால் அப்போதே செய்துவிடலாம், சாரத்தை மறுபடி கட்டுவது பெரும் செலவு. முன்பு நின்று படமெடுத்த அதே இடங்களில் நின்று மறுபடி எடுங்கள். கலவை விகிதம், மரத்தின் வகை, வண்ண எண், வேலை செய்தவர்களின் தொடர்பு விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி, நிறைவுச் சான்றோடு வீட்டிலேயே வையுங்கள். நகராட்சிக் கோப்பிலும் ஒரு நகல் சேரட்டும். 30 ஆண்டுக்குப் பிறகு அந்தச் சுவரைத் தொடப்போகிறவர் உங்கள் காகிதத்தைத்தான் தேடி வருவார்.

அப்புறம், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கூரையேறி மழைநீர்க் கால்வாயில் அடைத்த இலைகளை எடுத்துவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.